பதினான்காவது வளைவு

செப்பாங் தடத்தின் கதைகள் | வரலாற்றுத் தொடர் | அத்தியாயம் 9

சென்ற வாரம் 2012 மார்ச் 25-ஆம் தேதி ஃபார்முலா 1 பந்தயத்தில் நிறுத்தியிருந்தோம். அன்று பெய்த மழையில் பந்தயம் பாதியில் நின்றபோது கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 10-ஆவது இடத்தில் இருந்தார். எச்ஆர்டி என்ற ஏழை அணியின் கார் அது. மறுபடி தொடங்கிய பந்தயத்தில் இரண்டு உலகச் சாம்பியன்கள் அவரோடு மோதினார்கள். முதலில் ஜென்சன் பட்டன். அவருடைய முன் இறக்கை உடைந்தது. பிறகு செபாஸ்டியன் வெட்டல். டயர் கிழிந்து நான்காம் இடம் பறிபோனது.

பட்டன் தவறு தன்னுடையது என்று ஒப்புக்கொண்டார். வெட்டல் ஓட்டிக்கொண்டே நடுவிரலைக் காட்டினார். இறங்கியதும் நரேனைக் காய்கறியோடு ஒப்பிட்டுப் பேசினார். நரேனும் விடவில்லை, வெட்டல் அழுகுணிக் குழந்தை என்று திருப்பிக் கொடுத்தார். நடுவர்கள் நரேனின் நேரத்தோடு 20 வினாடி சேர்த்தார்கள். ஒரே தடம், ஒரே பிற்பகல், கிட்டத்தட்ட ஒரே மாதிரி உரசல். ஆனால் இரண்டு சாம்பியன்களும் நடந்துகொண்ட விதத்தில் எவ்வளவு வித்தியாசம்!

வெட்டலின் கோபம் வேகத்தில் பிறந்த கோபம். ஒரு டயர் போனதால் வந்தது. இந்த வாரம் நாம் பார்க்கப்போவது வேறு வகை. தடத்தில் இடிப்பதற்கு மூன்று நாள் முன்பே, குளிரூட்டிய அறைக்குள், நாற்காலியில் உட்கார்ந்தபடி தொடங்கிய மோதல் அது.

வியாழக்கிழமை

2015 அக்டோபர் 22. அந்த ஆண்டு சுமத்ராவின் காட்டுத்தீப் புகை கிள்ளான் பள்ளத்தாக்கை வாரக்கணக்கில் விடாமல் பிடித்திருந்தது. பள்ளிக்கூடங்களை மூடினார்கள். அக்டோபர் தொடக்கத்தில் நடக்கவிருந்த கோலாலம்பூர் மாரத்தான் ரத்தானது. மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் பந்தயம் நடக்குமா என்பதே அந்த வாரம் பலரின் கவலை.

செய்தியாளர் அறையில் மூவர் உட்கார்ந்திருந்தார்கள். வாலன்டினோ ரோஸ்ஸி, வயது 36, ஒன்பது முறை உலகச் சாம்பியன், யமஹா. ஜோர்ஜே லொரென்சோ, வயது 28, அதே யமஹா அணி. மார்க் மார்க்கெஸ், வயது 22, ஹோண்டா. 2013, 2014 இரண்டு ஆண்டும் பட்டம் வென்றவர்.

இன்னும் இரண்டே பந்தயங்கள். ரோஸ்ஸி 296 புள்ளி, லொரென்சோ 285. மார்க்கெஸ் அந்த ஆண்டு பலமுறை விழுந்து பட்டப் போட்டியிலிருந்து விலகிப்போயிருந்தார். அதனால் கேள்வியெல்லாம் ரோஸ்ஸியையும் லொரென்சோவையும் பற்றித்தான் இருக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ரோஸ்ஸி வேறொரு பக்கம் திரும்பினார்.

அதற்கு முந்தின ஞாயிறு, ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் நால்வர் கடைசி மீட்டர் வரை முட்டிமோதிய அற்புதமான பந்தயம் நடந்திருந்தது. மார்க்கெஸ் முதல், லொரென்சோ இரண்டு, இயன்னோனே மூன்று, ரோஸ்ஸி நான்கு. உலகமே கொண்டாடிய அந்தப் பந்தயத்தை ரோஸ்ஸி வேறு விதமாகப் படித்திருந்தார். சுற்று நேரங்களின் கணக்கு அவரிடம் இருந்தது. மார்க்கெஸ் வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்துத் தன்னோடு விளையாடினார், லொரென்சோ முன்னே ஓடிவிட வழிசெய்தார், தான் பட்டம் வெல்வதைவிட லொரென்சோ வெல்வதையே மார்க்கெஸ் விரும்புகிறார் என்று அத்தனை ஒலிவாங்கிகளுக்கும் முன்னால், மார்க்கெஸை அருகில் வைத்துக்கொண்டே சொன்னார்.

மார்க்கெஸ் சிரித்தார். அப்படியெல்லாம் எதுவும் இல்லை என்றார்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் மார்க்கெஸ் பக்கம் ஒரு வலுவான நியாயம் இருந்தது. ஃபிலிப் தீவில் கடைசிச் சுற்றில் லொரென்சோவைக் கடந்து வெற்றியைப் பறித்தவரே மார்க்கெஸ்தான். முதலிடத்துக்கு 25 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 20. லொரென்சோவுக்கு உதவ நினைத்தவர் அவரிடமிருந்து ஐந்து புள்ளியை ஏன் பிடுங்க வேண்டும்? ரோஸ்ஸியிடம் இதற்குச் சரியான பதில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர் மனத்தில் இருந்தது கணக்கை மீறிய ஒன்று.

அது என்ன என்று தெரிந்துகொள்ள, இந்த இருவரும் ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டுச் சிரித்த காலத்துக்குப் போக வேண்டும்.

சுவரொட்டியில் இருந்தவர்

ரோஸ்ஸி பிறந்தது 1979 பிப்ரவரி 16. மார்க்கெஸ் பிறந்தது 1993 பிப்ரவரி 17. பதினான்கு வருடமும் ஒரு நாளும் இடைவெளி. சின்ன வயதில் மார்க்கெஸ் ரோஸ்ஸியின் ரசிகர். சிறுவனாக ரோஸ்ஸியின் பக்கத்தில் நின்று எடுத்த படம் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

2013-இல் அமெரிக்காவின் லகூனா செகா தடத்தில், 2008-இல் ரோஸ்ஸி கேசி ஸ்டோனரை எந்த இடத்தில் எப்படி மண்ணில் இறங்கிக் கடந்தாரோ, அதே இடத்தில் அதே மாதிரி மார்க்கெஸ் ரோஸ்ஸியையே கடந்தார். பந்தயம் முடிந்ததும் ரோஸ்ஸி பையனின் கழுத்தைப் பிடிப்பதுபோல் விளையாடினார். 2014-இல் இத்தாலியின் தவுல்லியா ஊரில் இருக்கும் ரோஸ்ஸியின் பண்ணைக்கே போய், மண் தடத்தில் அவரோடு சேர்ந்து ஓட்டிவிட்டு வந்தார் மார்க்கெஸ்.

விரிசல் 2015-இல் விழுந்தது. ஏப்ரல் 19, அர்ஜென்டினா. ரோஸ்ஸி பின்னாலிருந்து எட்டிப்பிடித்துக் கடக்கும்போது மார்க்கெஸின் முன் சக்கரம் ரோஸ்ஸியின் பின் சக்கரத்தில் பட்டது. மார்க்கெஸ் விழுந்தார், ரோஸ்ஸி வென்றார். ஜூன் 27, நெதர்லாந்தின் ஆசென். கடைசிச் சுற்றின் கடைசி வளைவுகளில் மார்க்கெஸ் உள்ளே நுழைந்து இடித்தார். ரோஸ்ஸி ஜல்லிக்கற்களின் மேலேயே ஓட்டிக்கொண்டு போய்க் கோட்டைத் தொட்டார். அதையும் ரோஸ்ஸிதான் வென்றார். இரண்டு உரசல், இரண்டிலும் இளையவருக்கு நஷ்டம். அந்த இரண்டையும் மார்க்கெஸ் மறக்கவில்லை, அதனால்தான் பழிவாங்குகிறார் என்பது ரோஸ்ஸியின் கட்சி.

இதில் ரோஸ்ஸியின் குணமும் கலந்திருக்கிறது. எதிராளியை முதலில் மனத்தில் தோற்கடிப்பது அவருடைய பழைய கலை. அந்தக் கலைக்குச் செப்பாங் தடம் 2004-லேயே சாட்சியாக இருந்தது.

அந்த ஆண்டு கட்டாரில், தூசி படிந்த தடத்தில் ரோஸ்ஸி புறப்படும் இடத்தை மட்டும் அவருடைய ஆட்கள் முந்தின இரவே ஸ்கூட்டர் சக்கரத்தைச் சுழலவிட்டுத் தேய்த்துச் சுத்தம் செய்தார்கள். புகார் போனது. ரோஸ்ஸியைக் கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். அங்கிருந்து வெறியோடு முன்னேறி வந்தவர் பாதி வழியில் விழுந்தார். வென்றவர் செட்டே கிபர்னாவ். தன்னைக் காட்டிக்கொடுத்ததில் கிபர்னாவுக்குப் பங்கிருக்கிறது என்று ரோஸ்ஸி நம்பினார், இனி அவர் ஒரு பந்தயமும் வெல்ல மாட்டார் என்று சபித்ததாக அந்நாளில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எட்டே நாளில், அக்டோபர் 10 அன்று, செப்பாங்கில் ரோஸ்ஸி வென்றார். வென்ற கையோடு ஒரு துடைப்பத்தை வாங்கி, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் தடத்தைக் கூட்டினார்.

மேடையெங்கும் சிரிப்பு. கிபர்னாவ் அதற்குப் பிறகு ஒரு மோட்டோஜிபி பந்தயமும் வெல்லவில்லை.

பந்தய ரசிகர்கள் இதை ரோஸ்ஸியின் சாமர்த்தியம் என்று சொல்லிச் சொல்லி ரசிப்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. வென்றவன் தோற்றவனைக் கேலிப்பொருளாக்கும்போது வெற்றி சிறுத்துவிடுகிறது. அந்தத் துடைப்பத்துக்குப் பதினொரு ஆண்டு கழித்து அதே தடத்தில் விலை கேட்கப்பட்டது என்பதுதான் இந்தக் கதை.

நம்ம ஊர்த் தடம், அவருடைய கோயில்

கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மோட்டார் பந்தயம் புதிதல்ல. கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில், ஷா ஆலம் பத்து தீகாவில் ஒரு தடம் இருந்தது. 1991-இல் மலேசியாவின் முதல் உலக மோட்டார் சைக்கிள் பந்தயம் அங்கேதான் நடந்தது. கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் தடத்தில் வேலைக்குப் போன ஒரு தலைமுறைக்கு அந்த இரைச்சல் பழக்கம். பிறகு அந்தத் தடத்தை இடித்து வீடுகள் கட்டினார்கள்.

1999-இல் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் செப்பாங் தடம் திறந்தது. ஹெர்மன் தில்கே வடிவமைத்தது. நீளம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். வந்த முதல் ஆண்டுகளிலேயே அது ரோஸ்ஸியின் தடமாகிவிட்டது. 2003, 2005, 2009 மூன்று பட்டங்களையும் அவர் உறுதிசெய்தது இங்கேதான். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் ரவாங்கிலும் ஓடிய கப்சாய் மோட்டார் சைக்கிள்களில் ரோஸ்ஸியின் 46 என்ற மஞ்சள் எண்ணை ஒட்டாத பையன் அன்று அபூர்வம். தமிழ்ப் பையனோ மலாய்ப் பையனோ சீனப் பையனோ, அந்த எண்ணில் எல்லோரும் ஒரே கட்சி. அந்நாட்களில் பந்தய வாரத்தில் செப்பாங் மேடை மஞ்சளாக மாறியது.

2009-இல் ரோஸ்ஸி தன் ஒன்பதாவது பட்டத்தை இங்கே வென்ற தேதி அக்டோபர் 25. பத்தாவதைத் தேடி அவர் 2015-இல் இங்கே வந்தபோது பந்தய நாளும் அக்டோபர் 25.

அந்த இரண்டு தேதிகளுக்கும் நடுவில் இன்னொரு தேதி இருக்கிறது. அதைத் தாண்டிப் போக என்னால் முடியாது.

2011 அக்டோபர் 23. இரண்டாவது சுற்று, 11-ஆவது வளைவு. மார்கோ சிமொன்செல்லி, வயது 24, எண் 58, சுருள்முடிக்காரர், எல்லோருக்கும் செல்லப் பிள்ளை. 2008-இல் 250 சிசி பட்டத்தை இதே செப்பாங்கில் வென்றவர். அவருடைய வண்டி சறுக்கியது. வழக்கமாக இப்படிச் சறுக்கும் வண்டி வெளிப்பக்கம் போகும். அன்று டயர் மறுபடி பிடித்துக்கொண்டு அவரைத் தடத்தின் குறுக்கே உள்ளே இழுத்தது. பின்னால் வந்த காலின் எட்வர்ட்ஸும் ரோஸ்ஸியும் தவிர்க்க முடியாமல் அவர்மேல் மோதினார்கள். ஹெல்மெட் கழன்று உருண்டது. பந்தயம் ரத்தானது. அன்று மாலையே இறந்துபோனார்.

ரோஸ்ஸிக்கு அவர் ஊர்ப்பக்கத்துத் தம்பி, கூடவே பயிற்சி செய்த நண்பர். எந்தத் தவறும் செய்யாமல் தன் நண்பனின் மேல் தன் சக்கரம் ஏறியதைப் பார்த்தவர் ரோஸ்ஸி. அதே மனிதர், நான்கு ஆண்டுக்குப் பிறகு, அந்த வளைவிலிருந்து மூன்றே வளைவு தள்ளி, இன்னொரு ஓட்டுநரைத் தடத்தின் விளிம்புக்கு ஒதுக்கிக்கொண்டு போனார். எப்படி முடிந்தது அவரால்? இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளாக மனத்தில் வைத்திருக்கிறேன்.

ஏழாவது சுற்று

ஞாயிறு பிற்பகல். 20 சுற்றுகள். முன்வரிசையில் டானி பெட்ரோசா, மார்க்கெஸ், ரோஸ்ஸி. இரண்டாம் வரிசையின் முதல் இடத்தில் லொரென்சோ.

பெட்ரோசா புறப்பட்டது முதல் முன்னே ஓடினார். லொரென்சோ தொடக்கச் சுற்றுகளிலேயே மற்ற இருவரையும் கடந்து இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டார். மிச்சம் மூன்றாம் இடம். அதற்கு ரோஸ்ஸியும் மார்க்கெஸும் மோதத் தொடங்கினார்கள்.

அப்படி ஒரு மோதலைச் செப்பாங் அதற்கு முன் பார்த்ததில்லை. ஐந்தாவது சுற்றில் ஒரு வளைவில் இவர், அடுத்த வளைவில் அவர் என்று மாறி மாறிக் கடந்தார்கள். மேடை எழுந்து நின்று கத்தியது. ஆனால் அந்தச் சண்டைக்கு ஒரு விலை இருந்தது: இருவரும் ஒருவரையொருவர் தடுத்துக்கொண்டிருக்க, லொரென்சோ வினாடி வினாடியாக விலகிப் போய்க்கொண்டிருந்தார். மார்க்கெஸுக்கு அதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ரோஸ்ஸிக்கு ஒவ்வொரு வினாடியும் பட்டம். ஒரு கட்டத்தில் ரோஸ்ஸி கையை உயர்த்தி, என்ன செய்கிறாய் என்பதுபோல் காட்டினார்.

இங்கே ஒரு நிமிடம் நிற்கலாம். பந்தய உலகில் எழுதாத வழக்கம் ஒன்று உண்டு. பட்டத்துக்கு இருவர் போட்டியிடும்போது, பட்டத்தில் பங்கில்லாத மூன்றாமவர் நடுவில் புகுந்து கணக்கைக் கெடுக்கக் கூடாது என்பது. சிலர் அதைப் பண்பு என்பார்கள். எனக்கு அது சந்தேகத்துக்குரிய பண்பாகவே படுகிறது. நுழைவுச் சீட்டு வாங்கி வெயிலில் உட்கார்ந்திருக்கும் ரசிகனுக்கு ஒவ்வோர் ஓட்டுநரும் தன் முழுத் திறமையையும் காட்டக் கடன்பட்டிருக்கிறார். பெரியவருக்கு வழிவிடு என்று ஓர் இளைஞரிடம் சொல்வது விளையாட்டல்ல.

ஆனால் அதன் மறுபக்கமும் உண்மை. மார்க்கெஸ் அன்று ஓட்டியது முன்னேறுவதற்காகவா, ஒருவரைப் பின்னுக்கு இழுப்பதற்காகவா? ரோஸ்ஸியோடு சண்டை போட்ட சுற்றுகளில் அவருக்கும் வேகம் குறைந்தது. முன்னால் ஓடிய தன் அணித் தோழர் பெட்ரோசாவை எட்டிப்பிடிக்க அது உதவவில்லை. விதிப்புத்தகத்தில் இதற்குத் தண்டனை இல்லை. அவர் மனத்துக்குள் என்ன இருந்தது என்பதை எந்தக் கேமராவும் பிடிக்கவில்லை. வியாழக்கிழமை அவமானப்படுத்தப்பட்ட 22 வயதுப் பையன், ஞாயிற்றுக்கிழமை வழிவிடுவார் என்று ரோஸ்ஸி எப்படி எதிர்பார்த்தார்? குற்றம் சாட்டியதன் மூலமே அந்தக் குற்றத்தை அவர் வரவழைத்துக்கொண்டார் என்று நான் நினைக்கிறேன்.

ஏழாவது சுற்று. 14-ஆவது வளைவு, வலப்பக்கம் திரும்பும் வளைவு. போகப் போகக் குறுகும் தன்மை கொண்டது. அதைக் கடந்தால் நீண்ட நேர்ப்பாதை, பிறகு கடைசி வளைவு. ரோஸ்ஸி உட்பக்கம் நுழைந்தார். மார்க்கெஸ் அவருக்கு இடப்பக்கம், வெளியே.

சாதாரணமாக உள்ளே நுழைந்தவர் வண்டியைச் சாய்த்து வளைவோடு திரும்புவார். ரோஸ்ஸி திரும்பவில்லை. வேகத்தைத் தணித்து, வண்டியை நிமிர்த்தியபடி, வெளிப்பக்கம் அகலப் போய்க்கொண்டே இருந்தார். தலையைத் திருப்பி மார்க்கெஸைப் பார்த்தார். ஒரு முறை பார்த்து, மீண்டும் பார்த்தார். மார்க்கெஸுக்குத் தடம் முடிந்துகொண்டே வந்தது. அவர் உள்ளே சாய்ந்தார். இரண்டு வண்டிகளும் தொட்டன. ரோஸ்ஸியின் இடது கால் வெளியே வந்தது.

மார்க்கெஸ் தரையில் கிடந்தார்.

நான்கு சக்கர வண்டியில் உரசினால் இறக்கை உடையும், டயர் கிழியும். இரு சக்கரத்தில் நிலைமையே வேறு. 2015-இல் குறைந்தது 158 கிலோ எடை, 1000 சிசி இயந்திரம். முழுதாகச் சாய்ந்திருக்கும்போது தரையைத் தொடுவது டயரின் ஓர் உள்ளங்கையளவு ரப்பர்தான். முன் பிரேக் லீவரில் ஒரு விரல் அழுத்தம் கூடினாலே சக்கரம் பூட்டிக்கொள்ளும். அதனால்தான் இந்த விளையாட்டில் ‘லேசாகத்தான் பட்டது’ என்ற பேச்சுக்கே இடமில்லை. அன்று மார்க்கெஸ் வேகம் குறைந்த இடத்தில் விழுந்தார், எழுந்து நடந்தார். அது இருவருடைய அதிர்ஷ்டம்.

ரோஸ்ஸி நிற்கவில்லை. ஓட்டிக்கொண்டே போனார். மூன்றாவதாக முடித்தார்.

காலா, கையா?

பெட்ரோசா வென்றார். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு பிழை இல்லாமல் ஓட்டிய அந்தச் சின்ன உருவ மனிதரின் வெற்றியை அன்று ஒருவரும் கவனிக்கவில்லை. இரண்டு பேர் சண்டையின் நிழலில் ஒரு நேர்மையான வெற்றி காணாமல் போனது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் பலரும் இன்றுவரை பெட்ரோசாவின் பெயரைச் சொல்ல மறக்கிறார்கள். 2011-இல் சிமொன்செல்லி இடித்துக் காறை எலும்பை முறித்துக்கொண்டவரும், 2006-இல் தன் அணித் தோழர் நிக்கி ஹேடனைத் தெரியாமல் இடித்து விழவைத்துத் தலைகுனிந்து நின்றவரும் இவர்தான். இடித்தவன் வலியும் இடிபட்டவன் வலியும் அவருக்குத் தெரியும்.

வெற்றி மேடையில் லொரென்சோ, கோப்பை வாங்கிய ரோஸ்ஸியைப் பார்த்துக் கட்டைவிரலைக் கீழே காட்டினார். கூட்டம் அவருக்கு எதிராக ஊளையிட்டது. பின்னாளில் அந்தச் சைகைக்கு லொரென்சோ மன்னிப்புக் கேட்டார்.

கதவு சாத்திய அறையில், பந்தய இயக்குநர் மைக் வெப்பின் குழு இருவரையும் அழைத்துக் கேட்டது. மார்க்கெஸ் சொன்னார்: ரோஸ்ஸி என்னை உதைத்தார். ரோஸ்ஸி சொன்னார்: மார்க்கெஸின் ஹேண்டில் என் காலில் இடித்தது, கால் மிதியிலிருந்து நழுவியது, உதைக்கவில்லை. மார்க்கெஸின் முன் பிரேக் லீவருக்கு வெளியிலிருந்து அடி விழுந்ததைத் தங்கள் கருவிகள் பதிவுசெய்திருப்பதாக ஹோண்டா பின்னர் சொன்னது.

வானிலிருந்து ஒரு படம், மேடையிலிருந்து ஒரு படம், வண்டியிலிருந்து ஒரு படம். ஒன்றில் உதைபோல் தெரியும், இன்னொன்றில் நழுவல்போல் தெரியும். மலேசியாவின் மாமாக் கடைகளிலும் இத்தாலியின் காப்பிக் கடைகளிலும் அந்தச் சில வினாடிகளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள். கால் என்றவர்கள் ஒரு கட்சி, கை என்றவர்கள் இன்னொரு கட்சி.

நடுவர்கள் காலைப் பற்றிய விவாதத்துக்குள் போகவில்லை. உதைத்தார் என்று அவர்கள் தீர்ப்பளிக்கவில்லை. அவர்கள் பிடித்தது அதற்கு முந்தைய நொடிகளை: ரோஸ்ஸி வேண்டுமென்றே அகலப் போய் மார்க்கெஸைத் தடத்தின் ஓரத்துக்குத் தள்ளினார், அதன் விளைவாக மோதல் நடந்தது. மார்க்கெஸ் சீண்டும் விதமாகத்தான் ஓட்டினார் என்பதை வெப் மறுக்கவில்லை. ஆனால் அவர் எந்த விதியையும் மீறவில்லை என்றார்.

இந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. தலையைத் திருப்பிப் பார்த்த அந்தப் பார்வை, காலைவிடப் பெரிய சாட்சி. எதிராளி எங்கே இருக்கிறார், அவருக்கு எவ்வளவு இடம் மிச்சம் என்பது ரோஸ்ஸிக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் திரும்பவில்லை. அவரை நேசித்த லட்சக்கணக்கானோரில் பலர் இதை ஏற்க மாட்டார்கள். அவர்களுடைய மஞ்சள் கொடிக்கு என் மரியாதை உண்டு. இருந்தாலும் அந்த ஒரு வளைவில் அவர் தன்னைவிடச் சிறியவராக நடந்துகொண்டார்.

தண்டனை: மூன்று அபராதப் புள்ளிகள்.

மூன்றுதானே என்று முதலில் தோன்றும். மூன்று புள்ளிக்கு அப்போதைய விதிப்படி உடனடி விளைவு எதுவும் இல்லை. நான்கு சேர்ந்தால் அடுத்த பந்தயத்தில் கடைசி இடத்திலிருந்து புறப்பட வேண்டும். ஏழு சேர்ந்தால் பிட் பாதையிலிருந்து. பத்து சேர்ந்தால் ஒரு பந்தயத்துக்குத் தடை.

ஆனால் ரோஸ்ஸியின் கணக்கில் ஏற்கெனவே ஒரு புள்ளி இருந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், இத்தாலியின் மிசானோ தடத்தில், தகுதிச் சுற்றின்போது ஓட்டப் பாதையில் மெதுவாகப் போய் இன்னொருவரை மறித்ததற்காக விழுந்த ஒற்றைப் புள்ளி. அன்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. மறிக்கப்பட்டவர் ஜோர்ஜே லொரென்சோ. அந்தத் தடத்தின் முழுப் பெயரில் இருப்பது மார்கோ சிமொன்செல்லியின் பெயர்.

மூன்றும் ஒன்றும் நான்கு.

பதினான்கு நாள்

புள்ளிப் பட்டியல் இப்போது ரோஸ்ஸி 312, லொரென்சோ 305. வித்தியாசம் ஏழு. ஒரே ஒரு பந்தயம் மிச்சம்: நவம்பர் 8, ஸ்பெயினின் வலென்சியா. மலேசியாவில் தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு. ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கெலானாவிலும் கடைசி நேரக் கூட்டம் நெரியும் நாள். அந்த இரவு ரசிகர்கள் தொலைக்காட்சி முன் உட்கார வேண்டியிருக்கும்.

முன்வரிசையிலிருந்து புறப்பட்டிருந்தால் ரோஸ்ஸி லொரென்சோவுக்கு அடுத்ததாக வந்தாலே போதும், பத்தாவது பட்டம் கையில். இப்போதோ அத்தனை ஓட்டுநர்களுக்கும் பின்னால், கடைசி ஆளாக நிற்க வேண்டும். லொரென்சோ முன்னால் பறந்துவிடுவார். மார்க்கெஸும் முன்னால்தான் இருப்பார்.

வலென்சியா ரோஸ்ஸிக்கு ராசியான ஊரும் அல்ல. 2006-இல் எட்டுப் புள்ளி முன்னணியோடு கடைசிப் பந்தயத்துக்கு அங்கே போனார். தொடக்கச் சுற்றுகளில் விழுந்து 13-ஆவதாக முடித்தார். பட்டம் ஐந்தே புள்ளியில் ஹேடனுக்குப் போனது. இரண்டு வாரத்துக்கு முன்புதான் பெட்ரோசா இடித்து விழவைத்த அதே ஹேடனுக்கு.

செப்பாங்கிலேயே அன்று மாலை ரோஸ்ஸி மேல்முறையீடு செய்தார். உலக மோட்டார் சைக்கிள் கூட்டமைப்பின் நடுவர்கள் அதைத் தள்ளுபடி செய்தார்கள். மார்க்கெஸின் திட்டம் பலித்துவிட்டது, பட்டத்தை அவர்தான் என்னிடமிருந்து பறித்தார் என்று ரோஸ்ஸி சொன்னார். வலென்சியாவில் ஓட்டுவேனா என்பதே தெரியாது என்றும் சொன்னார். 36 வயதுக்காரருக்கு இன்னொரு வாய்ப்பு வருமா என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த நாட்களில் விஷயம் தடத்தை விட்டு வெளியேறியது. இத்தாலியத் தொலைக்காட்சிக்காரர்கள் ஸ்பெயினில் மார்க்கெஸின் வீட்டு வாசல் வரை போக, அங்கே தள்ளுமுள்ளு ஆனது. உலகக் கூட்டமைப்பின் தலைவர் வீட்டோ இப்போலிட்டோ பகிரங்கக் கடிதம் எழுதினார். வலென்சியாவில் வழக்கமான வியாழக்கிழமைச் செய்தியாளர் சந்திப்பையே ரத்துசெய்து, அதற்குப் பதிலாக எல்லா ஓட்டுநர்களையும் ஓர் அறைக்கு வரச் சொன்னார்கள். ஒரு வியாழக்கிழமையின் பேச்சு என்ன செய்யும் என்பதை அமைப்பாளர்கள் பார்த்துவிட்டார்கள்.

ரோஸ்ஸியிடம் கடைசியாக ஒரு கதவு மிச்சம் இருந்தது. சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் இருக்கும் உலக விளையாட்டு நடுவர் மன்றம். அதன் கதவைத் தட்டினார். முழு விசாரணைக்கு மாதங்கள் ஆகும். அதுவரையாவது தண்டனையை நிறுத்திவையுங்கள், முன்னாலிருந்து புறப்பட விடுங்கள் என்பதுதான் அவருடைய கோரிக்கை. மன்றம் சரி என்று சொன்னால் பட்டம் கிட்டத்தட்ட அவருடையது. இல்லை என்று சொன்னால், 2004 கட்டாரில் கடைசி வரிசையிலிருந்து பாய்ந்து வந்து விழுந்த அதே ஆட்டத்தை இன்னும் பெரிய பந்தயத்தில் ஆட வேண்டும். அப்போது வழியில் மார்க்கெஸ் வந்தால்?

நவம்பர் 5, வியாழக்கிழமை. பந்தயத்துக்கு மூன்று நாள். வலென்சியாவின் பிட் பாதையில் எல்லோரும் ஒரே செய்திக்காகக் காத்திருந்தார்கள். லொசானிலிருந்து பதில் வந்தது.

(தொடரும்)